கரியைக் கணக்குப் போட்டுச் சீனா வரை போன குடும்பம்

[காட்சி: புதுச்சேரி, வம்பாகீரப்பாளையம் கடற்கரை. காலை ஆறு மணி. கடலுக்குள் நிற்கும் பழைய பாலத்தின் தூண்கள்.]

வணக்கம். பின்னால் தெரிகிற தூண்களைப் பாருங்கள். 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து விழுந்த பாலம் இதுதான். இந்தக் கரையில் பெரிய கப்பல் கரையோரம் வந்து நிற்க முடியாது, ஆழம் போதாது. அந்தக் காலத்தில் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், இங்கிருந்து படகுதான் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊர் கடலூர் முதுநகரிலும் இதே கதைதான்.

முதுநகரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பழைய வீடுகளில் பினாங்கு, சிங்கப்பூர் பேச்சு எப்படியும் ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் மூடி நசுங்கிய ஒரு தகரப் பெட்டி இருந்தது, அம்மாச்சி அதில் பழைய புடவைகளை வைத்திருப்பார், கேட்டால் 'உன் பாட்டனாரோட கப்பல் பெட்டிடா' என்பார். எந்த ஊருக்குப் போனார் என்று சொல்வார், எத்தனை வருஷம் கழித்துத் திரும்பினார் என்று சொல்வார், ஆனால் எந்தக் கப்பல், அதை யார் கட்டினார், யார் முதல் போட்டார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது. தேடிப் படித்தபோது கிடைத்த கம்பெனிகளில் ஒன்றுதான் இன்றைய விஷயம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நம் ஆட்கள் ஏறியது பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல், அது வேறு கதை. நான் பேசப்போவது அவர்கள் போய் இறங்கிய அதே பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வந்து நின்ற நீலப் புகைபோக்கிக் கப்பல்களைப் பற்றி. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறையில் மூட்டை தூக்கிய தமிழர்களுக்கு அந்த நீல நிறம் தினமும் கண்ணில் பட்டிருக்கும். ஓஷன் ஸ்டீம் ஷிப் கம்பெனி என்பது அதன் பெயர், ஊர் லிவர்பூல், குடும்பம் ஹோல்ட் குடும்பம். நூறு வருஷத்துக்கு ஓரிரு வருஷம் முன்பின்னாக, அந்தக் குடும்பம்தான் அதை நடத்தியது.

[காட்சி: லிவர்பூல் துறைமுகத்தின் பழைய படம்.]

அப்பா ஜார்ஜ் ஹோல்ட், லிவர்பூலில் பருத்தித் தரகர். பிள்ளைகள் பலர். அதில் ஆல்ஃப்ரெட், 1829-இல் பிறந்தவர், பருத்தி வியாபாரத்துக்குப் போகவில்லை. லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில்வேயில் இன்ஜினியரிடம் தொழில் பழகப் போய்விட்டார். இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். கப்பல் முதலாளிகள் பலர் வியாபாரிகள், கணக்கு தெரியும், இன்ஜின் தெரியாது. இவருக்கு ரயில் இன்ஜின் கையில் பழகிய விஷயம். ரயில் பாய்லரில் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்த்த மனுஷனுக்கு, கப்பல் பாய்லர் மட்டும் ஏன் இவ்வளவு பயந்து பயந்து ஓடுகிறது என்று தோன்றாமல் இருக்குமா?

1850-களில் அப்பாவின் உதவியோடு சிறிய நீராவிக் கப்பல்களை வைத்து ஆரம்பித்தார்கள், மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஓட்டினார்கள், போட்டி கடுமையானதும் 1864-இல் அந்தக் கப்பல்களைப் போட்டிக் கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள். ஒரு கப்பலை மட்டும் விற்கவில்லை. க்ளீட்டர் என்று ஒரு சின்னக் கப்பல். அதை வைத்துத்தான் ஆல்ஃப்ரெட் சோதனையில் இறங்கினார்.

சரி, அவர் தீர்க்கப் பார்த்த சிக்கல் என்ன?

நீராவிக் கப்பலுக்குச் சாப்பாடு நிலக்கரி. தூரம் கூடக் கூட கரி கூட வேண்டும், கரி கூடினால் சரக்கு வைக்க இடம் குறையும். பழைய இன்ஜினை வைத்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சீனாவுக்குப் போனால், கப்பலின் வயிற்றில் பெரும்பகுதி கரிதான் இருக்கும், தேயிலைக்கு இடமே மிஞ்சாது. வழியில் கரி நிலையங்கள் இருந்தன, ஆனால் அங்கே கரியும் கப்பலில் வந்துதான் இறங்க வேண்டும், விலை எகிறும். பி அண்ட் ஓ மாதிரியான கம்பெனி நீராவியில் ஓட்டியது என்றால், தபால் கொண்டுபோக அரசாங்கம் கொடுத்த பணம் அதற்குப் பின்னால் இருந்தது. மற்றவர்களுக்குப் பாய்மரம்தான். காற்று இலவசம்.

[காட்சி: கரும்புச் சாறு வண்டி. உருளைக்குள் போகும் கரும்பு, நெருக்கத்தில்.]

இந்தக் காட்சியை எதற்கு எடுத்தேன் என்று சொல்கிறேன். கரும்பை ஒரு முறை உருளைக்குள் விட்டதும் சாறு கொட்டுகிறது. கடைக்காரர் சக்கையைத் தூக்கி எறிகிறாரா? இல்லை. மடித்து, நடுவில் எலுமிச்சைத் துண்டும் இஞ்சியும் வைத்து மறுபடி விடுகிறார், இன்னொரு அரை டம்ளர் வருகிறது. ஆல்ஃப்ரெட் அந்தச் சிக்கலுக்குத் தீர்வாக நம்பிய கூட்டு இன்ஜின் என்பது இதுதான். நீராவி முதலில் ஒரு சின்ன சிலிண்டருக்குள் முழு அழுத்தத்தோடு போய் பிஸ்டனைத் தள்ளும். வெளியே வரும்போது அதில் இன்னும் சக்தி மிச்சம் இருக்கும், ஆனால் விரிந்துவிட்டதால் கொஞ்சம் பெரிய இடம் வேண்டும். அதனால் அடுத்ததாக ஒரு பெரிய சிலிண்டர். அங்கே இன்னொரு தள்ளு. ஒரே கரி, இரண்டு வேலை.

ஒரே சிலிண்டரில் முழுசாக விரியவிட்டால் என்ன என்று கேட்கலாம், நானும் இதில்தான் ரொம்ப நேரம் நின்றேன். நீராவி விரியும்போது குளிரும், சிலிண்டர் சுவரையும் குளிர வைத்துவிடும். அடுத்து வரும் சூடான நீராவி அந்தச் சுவரைச் சூடாக்குவதிலேயே பாதி வீணாகும். தோசைக்கல்லில் தண்ணீரை அதிகமாகத் தெளித்துவிட்டால் அடுத்த தோசைக்குக் கல் மறுபடி காய வேண்டியிருக்கிறதே, அது மாதிரி. வேலையை இரண்டு சிலிண்டருக்குப் பிரித்துவிட்டால் எந்த ஒன்றும் அந்த அளவுக்குக் குளிராது.

ஆனால் இதற்கு அழுத்தம் வேண்டும். நம் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்ட் அழுத்தத்தில். அந்தக் காலத்துக் கடல் பாய்லர்கள் 20, 25 பவுண்டில் ஓடின, குக்கரை விடக் கொஞ்சம்தான் மேலே. ஹோல்ட் கேட்டது 60. நாலு குக்கர். அதிகாரிகள் தயங்கினார்கள், அதில் தப்பும் சொல்ல முடியாது, பாய்லர் வெடித்தால் நடுக்கடலில் யார் காப்பாற்றுவார்கள்? இன்னொரு சிக்கல் உப்பு. கடல் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாய்லருக்குள் உப்பு கட்டி கட்டியாகப் படியும், மரக்காணம் உப்பளத்துப் பாத்திகளைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. அழுத்தமும் சூடும் ஏற ஏற அது மோசமாகும். பயன்படுத்திய நீராவியைக் குழாய்களுக்குள் குளிரவைத்து, அதே நல்ல தண்ணீரைத் திரும்பப் பாய்லருக்கே அனுப்பும் கருவி அந்த நேரத்தில் பரவலாக வந்தது. அது இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

கூட்டு இன்ஜினை ஹோல்ட் கண்டுபிடித்தார் என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. கிளாஸ்கோவில் ஜான் எல்டர் 1850-களிலேயே கப்பலில் பொருத்திவிட்டார். ஹோல்ட் செய்தது, அதை அதிக அழுத்தத்தில் ஓட்டி, கரிக் கணக்கைத் துல்லியமாகப் போட்டு, அரசாங்கப் பணம் இல்லாமல் சீனா வரை போகலாம் என்று சொந்தக் காசில் நிரூபித்தது. க்ளீட்டரில் புது இன்ஜினைப் பொருத்திக் கடலில் ஓட்டிப் பார்த்தார், கரிச் செலவு நன்றாக இறங்கியது. அவ்வளவுதான், குடும்பமும் நெருங்கியவர்களும் பணம் போட்டார்கள், தம்பி ஃபிலிப் கூட நின்றார், ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில் ஸ்காட்ஸ் பட்டறையில் மூன்று கப்பல்கள் தயாராயின.

அகமெம்னான், ஏஜாக்ஸ், அக்கிலீஸ். எல்லாம் கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்துப் பெயர்கள். நம் ஊரில் படகுக்கு பீமன், அர்ச்சுனன் என்று வைப்பது போலத்தான், கடைசி வரை அந்த வழக்கத்தை விடவில்லை.

1866 ஏப்ரல் 19, அகமெம்னான் லிவர்பூலில் இருந்து புறப்பட்டது. மொரீசியஸ் வரை சுமார் 8,500 மைல், வழியில் எங்கும் கரி ஏற்றவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 10 கடல் மைல் வேகம், நாளைக்கு 240 மைல், ஆக 35 நாளுக்கு மேல். நாளுக்குச் சுமார் 20 டன் கரி. மொத்தம் 700 டன் சொச்சம். அதே வேலையைப் பழைய இன்ஜினிடம் கேட்டிருந்தால் சரக்குக்கு இடமிருக்காது.

மொரீசியஸ் என்றதும் எனக்கு வேறு ஒன்று தோன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்தப் புதுச்சேரியிலிருந்து கல்தச்சர்களும் கைவினைஞர்களும் அங்கே போய்விட்டார்கள். அகமெம்னான் போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் தமிழ் கேட்டிருக்கும். அங்கிருந்து பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்காய். வங்காள விரிகுடாவின் வாயைத் தாண்டிப் போன கப்பல் நம் கரையைப் பார்க்கவே இல்லை, ஆனால் அது நின்ற ஊர்களில் பாதி நம் ஆட்கள் இருந்த ஊர்.

அதே 1866-இல்தான் பாய்மரக் கப்பல்களின் பெரிய தேயிலைப் பந்தயமும் நடந்தது. சீனாவின் ஃபூச்சோவில் இருந்து லண்டனுக்கு 99 நாள், மூன்று கப்பல்கள் ஒரே நாளில் வந்து சேர்ந்தன, ஊரே கரையில் நின்று பார்த்தது. பார்க்க அழகு அதுதான், சந்தேகமே இல்லை. இரும்புக் கப்பலில் கொண்டுவந்தால் தேயிலை கெட்டுவிடும் என்று ஒரு பேச்சும் ஓடியது. வந்து இறங்கிய தேயிலை கெடவில்லை.

மூன்றே வருஷத்தில், 1869 நவம்பர் 17, சூயஸ் கால்வாய் திறந்தது. சீனப் பயணத்தில் 3,000 மைலுக்கு மேல் மிச்சம். செங்கடலின் காற்று பாய்மரத்துக்கு ஒத்துவராது, கால்வாயில் இழுத்துப் போகச் செலவு வேறு. அதனால் லாபம் முழுக்க நீராவிக்கு. ஏற்கெனவே தயாராக நின்றவர்கள் ஹோல்ட் சகோதரர்கள். 'கட்டி சார்க்' என்ற புகழ்பெற்ற பாய்மரக் கப்பல் கடலில் இறங்கியது கால்வாய் திறந்து ஐந்து நாள் கழித்து, அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

[காட்சி: நீலப் புகைபோக்கி, கறுப்பு முனை. பழைய வண்ண ஓவியம்.]

இனி இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கப்பல்களை அவர்கள் வெளியே இன்ஷூரன்ஸ் செய்யவில்லை. கப்பல் மூழ்கினால் நஷ்டம் கம்பெனி தலையில், அதாவது தங்கள் தலையில். அதற்காகத் தனி நிதி வைத்துக்கொண்டார்கள். நஷ்டம் தன்னுடையது என்றால் என்ன செய்வோம்? நல்ல கேப்டனைத் தேடுவோம், தகட்டைக் கனமாகப் போடுவோம். கப்பல்களுக்குத் தரம் பார்த்துச் சான்று தரும் லாயிட்ஸ் கேட்ட தரத்தை விட உறுதியாகக் கட்டினார்கள், அந்தத் தரத்துக்கு 'கிளாஸ் ஹோல்ட்' என்றே பெயர் வந்துவிட்டது.

ஆனால் அதே பிடிவாதம் கெடுதலும் செய்தது. 1870-களின் கடைசியிலும் 80-களிலும் மற்றவர்கள் வேகமான கப்பல்களை இறக்கினார்கள், ஆல்ஃப்ரெட் தன் பழைய இன்ஜின் வடிவத்தை விட்டுக் கொடுக்கவில்லை. 1867-இல் ஷாங்காயில் கடை திறந்து இவர்களுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுத்தவர் ஜான் சாமுவேல் ஸ்வையர், அவரும் பங்குதாரர். அவர் லிவர்பூலுக்குக் காட்டமாகக் கடிதங்கள் எழுதினார். கட்டணச் சண்டையில் எல்லோரும் அழியாமல் இருக்க 1879-இல் சீனாவுக்குக் கப்பல் ஓட்டிய கம்பெனிகளின் கூட்டு ஒப்பந்தம் வந்ததிலும் அவர் கைதான் பெரியது. தான் கண்டுபிடித்த பாதையில் தானே நின்றுவிடுவது இன்ஜினியர்களுக்கு நேர்கிற ஒன்று, ஆல்ஃப்ரெட் மேல் கோபம் வரவில்லை எனக்கு. 1890-களில் தம்பி மகன் ரிச்சர்ட் டர்னிங் ஹோல்ட் முதலான அடுத்த தலைமுறை வந்து கப்பல்களைப் புதுப்பித்தது. 1902-இல் போட்டிக் கம்பெனியான சைனா மியூச்சுவலையே வாங்கினார்கள். மலாயாவில் இருந்து ஜித்தாவுக்கு ஹஜ் பயணிகளை ஏற்றிப் போனதும் இதே நீலப் புகைபோக்கிதான்.

இரண்டாம் உலகப் போரில் பல கப்பல்கள் போயின. அப்போது கம்பெனியில் இருந்த லாரன்ஸ் ஹோல்ட், ரிச்சர்டின் தம்பி, ஒன்றைக் கவனித்தார். கப்பல் மூழ்கி உயிர்காக்கும் படகில் மிதக்கும்போது, உடல் வலு உள்ள இளைஞர்கள் இறந்துபோனார்கள், வயதான மாலுமிகள் பிழைத்து வந்தார்கள். இளைஞர்களுக்குக் கடலோடு பழக்கம் இல்லை, மனசு முதலில் விட்டுப்போகிறது. கர்ட் ஹான் என்ற ஆசிரியரோடு சேர்ந்து 1941-இல் வேல்ஸின் ஏபர்டவியில் ஒரு மாதப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவுட்வர்ட் பவுண்ட் என்ற பெயரில் இன்று பல நாடுகளில் நடக்கிறது, சிங்கப்பூரிலும் உண்டு.

அப்புறம் கன்டெய்னர் வந்தது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கும் காலம் முடிந்தது, ஒரு கன்டெய்னர் கப்பலுக்குத் தேவைப்பட்ட முதல் ஒரு குடும்பத்தால் ஆகிற காரியம் இல்லை. 1965-இல் பெரிய கம்பெனிகள் மூன்றோடு சேர்ந்து ஓசிஎல் என்று கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள், அதே வருஷம் ஹோல்ட் கம்பெனியின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 1986-இல் ஓசிஎல் பங்கையும் பி அண்ட் ஓ-வுக்கு விற்றார்கள். கப்பல் போய், சரக்குப் போக்குவரத்து மட்டும் மிஞ்சியது. 2000-இல் என்எஃப்சி என்ற கம்பெனியோடு இணைந்து எக்ஸெல் ஆனது. 2005-இல் எக்ஸெலை ஜெர்மன் தபால் கம்பெனியான டாய்ச்ச போஸ்ட் வாங்கித் தன் டிஎச்எல்-லோடு சேர்த்துக்கொண்டது.

[காட்சி: புதுச்சேரித் தெரு. மஞ்சள் நிற டிஎச்எல் வேன் ஒன்று நிற்கிறது. டிரைவர் ஒரு அட்டைப்பெட்டியை இறக்கி, வீட்டு வாசலில் கையெழுத்து வாங்குகிறார்.]

அட்டைப்பெட்டி சிங்கப்பூரில் இருந்து வந்திருக்கிறது. மூன்று நாள் ஆனதாம்.