6 மில்லிமீற்றர் ஸ்கர்ட் எவ்வளவு நெருக்கலைத் தாங்கும்?

[காட்சி: நிமிர்ந்து நிற்கும் அமுக்கக் கலம். கமரா மெல்லக் கீழிறங்கி ஸ்கர்ட்டில் நிற்கிறது.]

வணக்கம். கலத்தைச் சுற்றி அடியில் நிற்கிற இந்த உருக்கு வளையம்தான் ஸ்கர்ட். கலத்துக்குள் இருக்கும் அமுக்கம் இதைத் தொடுவதேயில்லை. பாரத்தை அத்திவாரத்துக்கு இறக்க வேண்டும், காற்றும் நிலநடுக்கமும் கலத்தைச் சாய்க்கப் பார்க்கிற திருப்பத்தையும் தாங்க வேண்டும். காற்று ஒரு பக்கம் தள்ள, மறுபக்கத் தகட்டில் பாரமும் திருப்பமும் கூடிக்கொண்டு நெருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கப் போகிறோம்.

அதிகம் நடக்கிற பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம். எஸ்ஏ-516 கிரேட் 70 என்ற கலத் தகட்டு உருக்குக்கு அனுமதித்த இழுவைத் தகைப்பு, அதாவது ஓரலகுப் பரப்பில் தாங்கலாம் என்ற இழுவிசை, 138 மெகாபாஸ்கல். அதையே நெருக்கலுக்கும் போட்டுவிடுகிறார்கள். மெல்லிய உருளை அந்த அளவு வரை நிற்காது, அதற்கு முன்பே நெளிந்துவிடும். வெற்றுச் சோடா டின்னை மேலிருந்து அழுத்திப் பாருங்கள், தகரம் கிழிவதில்லை, மடங்குகிறது.

[திரையில்: ஏ = 0.125 × தடிப்பு ÷ வெளி ஆரை]

அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் அமுக்கக் கல விதிநூல், அஸ்மி செக்ஷன் 8, டிவிஷன் 1, யூஜி-23 சொல்வது இதுதான்: முதலில் திரையில் உள்ள ஏ என்ற எண், பிறகு அந்த உலோகத்தின் வரைபடத்தில் பி, அதாவது அனுமதித்த நெருக்கல் தகைப்பு. ஏ வளைவுக்கு இடப்பக்கம் விழுந்தால், பி என்பது ஏ-யை யங்கின் மட்டால் (உலோகத்தின் விறைப்பைச் சொல்லும் எண்) பெருக்கி இரண்டால் வகுத்தது. பி, இழுவை அனுமதி, இரண்டில் சிறியதே உங்கள் எல்லை. கவனம்: ஆரை போட வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டால் ஏ பாதியாகிவிடும்.

வெளிவிட்டம் 3000, தடிப்பு 6 மில்லிமீற்றர் என்று வைப்போம். ஏ 0.0005. யங்கின் மட்டு 200,000 மெகாபாஸ்கல் என்றால் பி 50. குறையே இல்லாத உருளை நெளிவதற்குக் கோட்பாடு தருவது ஏறக்குறைய 484. கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம்! உருட்டும்போதும் வெல்ட் பண்ணும்போதும் வருகிற சின்னச் சின்ன நெளிவுகள் நெளிவெதிர்ப்பை அவ்வளவு கெடுக்கும், அதனால்தான் இந்த இறுக்கம்.

காற்றோ நிலநடுக்கமோ சேர்ந்தால் எல்லையை 1.2 ஆல் பெருக்கலாம், ஆகவே 60. திருப்பத்தைக் கணக்கிடத் தேவையான காற்று வேகத்துக்கு, இலங்கையின் 1980 காற்று வடிவமைப்புக் கையேட்டில் கொழும்பு மூன்றாம் வலயம், சாதாரண கட்டமைப்புக்குச் செக்கனுக்கு 33 மீற்றர்.

இனிப் பாரம். ஓட்ட நிலையில் 600 கிலோநியூட்டன், திருப்பம் 1200 கிலோநியூட்டன் மீற்றர் என்று எடுப்போம். பாரத்தால் 10.6, திருப்பத்தால் 28.4, மொத்தம் 39 மெகாபாஸ்கல். 60-க்குக் கீழே, நல்லது. ஆனால் ஆள் நுழையும் 600 மில்லிமீற்றர் துவாரத்தைக் கழித்தீர்களா? துவாரம் நெருக்கல் பக்கத்தில் இருந்தால் 43.9. துவாரத்தைச் சுற்றி வலுவூட்டும் கழுத்து இல்லாமல் போட்ட கணக்கு இது. கலத்தைத் தண்ணீரால் நிரப்பும் சோதனையில் பாரம் எகிறும், அதைத் தனியாகப் போடுங்கள்.

[காட்சி: அடி வளையத்துக்கு மேலே, தீக்காப்புக் கொங்கிறீட் வெடிப்பிலிருந்து வழியும் செந்நிறக் கறை.]

இப்போது இந்தக் கறையைப் பாருங்கள். கொழும்பின் உப்புக் காற்று, மழை, வெடிப்புக்குள் தங்கும் ஈரம். 1 மில்லிமீற்றர் அரித்துப் போனால் 43.9 என்பது 52.7 ஆகிறது. அதே நேரம் பி 50-இலிருந்து 41.7-க்கு இறங்குகிறது, 1.2 ஆல் பெருக்கினாலும் 50தான். 6 மில்லிமீற்றரில் 16 மெகாபாஸ்கல் மிச்சத்தோடு தேறிய ஸ்கர்ட், 5-இல் தோற்றுவிட்டது! தடிப்பு குறைந்தால் தகைப்பு ஏறும், எல்லையும் இறங்கும். இரண்டு பக்கத்தாலும் அடி விழுகிறது.

அதனால் கணக்குக்கு 6 தேவை என்றால், 2 மில்லிமீற்றர் அரிப்புக்கு விட்டு 8 தகடு எடுங்கள். ஸ்கர்ட்டுக்குள் தண்ணீர் தேங்காமல் அடியில் வடிகால் துவாரம் விடுங்கள். தடிப்பு அளக்கும்போது கைக்கு எட்டுகிற நடுப்பகுதியை மட்டும் தொட்டுவிட்டு வராதீர்கள்: அடி வளையத்துக்கு மேல் சுற்றிவர, துவாரத்தின் விளிம்பில், வெடித்த கொங்கிறீட்டை உடைத்தெடுத்த இடத்தில் அளவெடுங்கள். கிடைத்த மிகக் குறைந்த அளவைத் தகைப்புக் கணக்கிலும் எல்லைக் கணக்கிலும் போடுங்கள்.