34 நிமிடம் 8 நொடி: அணைத்து வைத்த சயான் ஆர்கனைசர் ஏன் தானாக விழிக்கிறது?

வணக்கம். கேமராவை ஓடவிடும் முன்பே இந்த ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுவிட்டேன். இப்போது 24 நிமிடம் 10 நொடி காட்டுகிறது. பக்கத்தில் இருப்பது ஆசிலாஸ்கோப், மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவி. அதில் ஒரு கோடு தட்டையாக ஊர்ந்துகொண்டிருக்கிறது, தெரிகிறதா? இந்தக் கையடக்கக் கணினி பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் அது. கணினி அணைந்திருக்கிறது, திரையில் ஒன்றுமில்லை. ஆனால் இன்னும் 10 நிமிடத்துக்குள், யாரும் தொடாமலே, அந்தக் கோடு ஒரு தடவை துள்ளும். ஏன் துள்ளுகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், துள்ளும்போது சேர்ந்து பார்ப்போம்.

முதலில் கருவி. இது சயான் ஆர்கனைசர் 2, சி.எம். மாடல். லண்டனைச் சேர்ந்த சயான் நிறுவனம் 1986இல் வெளியிட்டது. உறையைக் கீழே இழுத்தால் 36 விசைகள். எழுத்துகள் ஏ, பி, சி, டி என்று அகர வரிசையிலேயே இருக்கும், தட்டச்சு வரிசையில் இல்லை. திரையில் 2 வரி, வரிக்கு 16 எழுத்து. குறிப்புகளை வைக்க 8 கிலோபைட் ரேம், கருவியின் சொந்த நிரல்கள் நிரந்தரமாகப் பதிந்திருக்க 32 கிலோபைட் ரோம். ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி. பின்பக்கம் டேட்டாபேக், அதாவது தகவல் சேமிக்கும் சிறு பெட்டி, செருக இரண்டு துளைகள். மூளையாக இருப்பது ஹிட்டாச்சி 6303 சில்லு, மோட்டரோலா 6801 குடும்பத்தைச் சேர்ந்தது. 3.6864 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை நான்கால் வகுத்து, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவான வேகத்தில் ஓடுகிறது.

சரி, இதை வாங்கியதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அணைந்திருக்கும்போது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று பார்க்க, மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்து பேட்டரிக்குத் தொடராக இணைத்தேன். மிகக் குறைவாகக் காட்டியது. நிம்மதியாக வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்து ஆன் செய்தால், சேமித்து வைத்திருந்த குறிப்புகள் எல்லாம் போய்விட்டன. மறுநாளும் அதே கதை. பழைய மின்தேக்கி ஏதோ கெட்டிருக்கிறது என்று நினைத்து மாற்றினேன். மாற்றியும் பயனில்லை.

அப்புறம்தான் மீட்டரையே சந்தேகித்தேன். மைக்ரோ ஆம்பியர் அளவில் மல்டிமீட்டருக்குள் இருக்கும் மின்தடை அதிகம். கருவி அணைந்திருக்கும் வரை அது தெரியாது. திடீரென்று மில்லி ஆம்பியர் கணக்கில் இழுத்தால், மின்னழுத்தத்தின் பெரும்பகுதி மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும், கருவிக்குப் போதுமான அளவு மிஞ்சாது. அப்படியானால், அணைந்திருக்கும் கருவி ஏதோ ஒரு நேரத்தில் தானாக எழுந்து மின்சாரம் கேட்கிறது! மீட்டரைக் கழற்றிவிட்டு, 10 ஓம் மின்தடை ஒன்றைப் போட்டு, அதன் இரு முனைகளிலும் ஆசிலாஸ்கோப்பை மாட்டினேன். அன்று இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால், ஒரே சீராக, 34 நிமிடத்துக்கு ஒரு தடவை துள்ளல். பழைய கருவிகளை அளக்கிற யாருக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்: தூங்கும் கருவியை மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்துவிட்டு நகர்ந்து போகாதீர்கள்.

34 நிமிடம் என்பது யாரும் யோசித்துத் தேர்ந்தெடுக்கிற எண் இல்லை. 30 என்றால் புரியும், 60 என்றால் புரியும். கவனமாக அளந்தேன்: 34 நிமிடம் 8 நொடி. நொடிக் கணக்கில் மாற்றினால் 2048. அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதியதும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். 2048 என்பது 2இன் 11ஆம் அடுக்கு. ஏதோ ஒரு இடத்தில் ஓர் எண்ணி நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது, 11 பிட்டும் நிரம்பி அடுத்த பிட் எழும் கணத்தில் கணினியை எழுப்புகிறது. யார் எண்ணுவது? மூளைச் சில்லு தூங்குகிறதே.

பதில் ரோமில்தான் இருக்க வேண்டும். அதை வெளியே எடுக்கச் சில்லைக் கழற்றத் தேவையில்லை. இந்தக் கருவிக்குள்ளேயே ஓபிஎல் என்ற நிரல்மொழி இருக்கிறது. அதில் பீக்பி என்று ஒரு கட்டளை, எந்த முகவரியைக் கொடுத்தாலும் அங்குள்ள பைட்டைப் படித்துத் தரும். ரோம் ஹெக்ஸ் 8000 (ஹெக்ஸ் என்றால் 16ஐ அடிமானமாகக் கொண்ட எண்முறை) முதல் நினைவக முகவரிகளின் கடைசி வரை இருக்கிறது. ஓபிஎல்லில் முழு எண்கள் 16 பிட், குறி உள்ளவை. அதனால் ஹெக்ஸ் 8000 என்பது அதற்கு -32768. ஆக, -32768இல் தொடங்கி -1 வரை ஒரு சுற்று. அவ்வளவுதான் நிரல். படித்த ஒவ்வொரு பைட்டையும் சீரியல் இணைப்பு வழியாக மேசைக் கணினிக்கு அனுப்பினேன். ஒரு கருவி தன்னைப் பற்றிய முழு விவரத்தையும் தானே எடுத்துத் தருவதை அன்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகப் பிடித்த கட்டம் அதுதான்.

அடுத்தது டிஸ்அசெம்பிளர், பைட்டுகளைப் படிக்கக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் நிரல். முதல் முயற்சியில் வந்தது வெறும் குப்பை. பத்து வரி ஒழுங்காக இருக்கும், அப்புறம் அர்த்தமில்லாத கட்டளைகள், திடீரென்று மறுபடியும் ஒழுங்காகும். குப்பை தொடங்குகிற இடங்களை எல்லாம் குறித்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் 3எஃப் என்ற பைட் இருந்தது. இந்தச் சில்லில் அது மென்பொருள் இன்டரப்ட் கட்டளை, ஓடும் நிரலை இடைநிறுத்தி வேறொரு பகுதிக்குத் தாவ வைப்பது. சயான் பொறியாளர்கள் அதை ஓஎஸ்ஸின், அதாவது இயங்குதளத்தின், வாசற்கதவாக வைத்திருக்கிறார்கள். 3எஃப் போட்டு, அடுத்த பைட்டில் எந்தச் சேவை வேண்டும் என்ற எண்ணை எழுதினால் போதும். திரையில் எழுது, விசைக்குக் காத்திரு, பேக்கில் படி, எல்லாமே அந்த இரண்டு பைட்டில் முடிந்துவிடும். டிஸ்அசெம்பிளர் அந்தச் சேவை எண்ணையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு தடம் மாறிப் போயிருக்கிறது. 3எஃப் வந்தால் அடுத்த பைட்டைத் தனியாக வை என்று ஒரு விதி சேர்த்தேன். முழு ரோமும் தெளிந்துவிட்டது. 32 கிலோபைட் இடத்தில் இவ்வளவு வேலையை அடைத்தது எப்படி என்ற கேள்விக்கும் இதில் பாதி பதில் கிடைத்துவிடுகிறது.

30 நிமிடம் தாண்டிவிட்டது. கோடு இன்னும் தட்டையாகத்தான் இருக்கிறது. தொடர்கிறேன்.

ரோமைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. விசைப்பலகையைப் பார்க்கும் பகுதியில் 0300, 0340 என்ற முகவரிகளைத் தொடுகிறார்கள், ஆனால் அங்கிருந்து வந்த மதிப்பை எங்குமே பயன்படுத்துவதில்லை. அங்கே நினைவகமே கிடையாது. தொடுவதுதான் காரியம்! 0300ஐத் தொட்டால் ஓர் எண்ணி பூஜ்யத்துக்குப் போகும். 0340ஐத் தொட்டால் அந்த எண்ணி ஒன்று கூடும். அதன் வெளியீட்டுக் கம்பிகள்தான் விசைப்பலகையின் ஒரு பக்கம். மறுபக்கத்தை மூளைச் சில்லின் ஒரு போர்ட் வழியாகப் படிக்கிறார்கள். நொடிக்கு சுமார் 20 தடவை எழுந்து விசைகளைப் பார்க்கிறது, இடைப்பட்ட நேரத்தில் சில்லு கண்ணயர்கிறது.

அப்புறம் 0380, அதை அடுத்து இன்னொரு முகவரி. கருவிக்குள் நொடிக்கொரு துடிப்பு வந்துகொண்டே இருக்கிறது. 0380ஐத் தொட்டால் அந்தத் துடிப்பு மூளைச் சில்லுக்குப் போகும், கடிகாரம் ஒரு நொடி நகரும். மற்றதைத் தொட்டால் அதே துடிப்பு எண்ணிக்குப் போகும். எந்த எண்ணிக்கு? விசைப்பலகையைப் பார்த்ததே, அதே எண்ணிக்கு. அணைந்திருக்கும்போது யாரும் விசையைத் தேடப் போவதில்லை, எண்ணி சும்மாதான் இருக்கும். அதனால் தூங்கப் போகும் முன் கணினி அதனிடம் நொடிகளை ஒப்படைத்துவிட்டுப் போகிறது. 2048 நொடியில் எண்ணி நிரம்பும். உடனே கணினி எழுந்து, தன் கடிகாரத்தில் 34 நிமிடம் 8 நொடியைக் கூட்டிக்கொண்டு, மறுபடியும் படுத்துவிடும். நான் மின்தேக்கியைக் கழற்றக் காரணமான அந்தத் துள்ளல் பழுது இல்லை. கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்க அது செய்யும் வேலை.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. எண்ணி நிரம்பும் முன்பே, 10ஆவது நிமிடத்தில் நான் ஆன் பொத்தானை அழுத்தினால்? எண்ணியின் மதிப்பை நேராகப் படிக்க இந்தக் கருவியில் வழியே இல்லை. நிரம்பிவிட்டதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். இதற்கு அவர்கள் செய்திருக்கும் ஏற்பாட்டைப் பார்த்து நான் அசந்துபோனேன். எழுந்ததும் 0340ஐத் தொட்டுத் தொட்டு எண்ணியை முன்னே தள்ளுகிறார்கள், நிரம்பும் வரை. எத்தனை தடவை தள்ள வேண்டியிருந்தது என்று எண்ணி, 2048இலிருந்து கழித்தால், தூங்கிய நொடிகள் கிடைத்துவிடும். ஒரு குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாதபோது, வழியும் வரை டம்ளர் டம்ளராக ஊற்றிக் கணக்கிடுவோமே, அதேதான். அலாரம் அரை மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்றால் இதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். படுக்கும் முன்பே எண்ணியை வேண்டிய அளவு தள்ளி வைத்துவிட்டால், சரியான நேரத்தில் அது நிரம்பி எழுப்பிவிடும்.

இதைப் பார்த்த பிறகு டேட்டாபேக்கும் எளிதாகப் புரிந்தது. அதன் இணைப்பில் முகவரிக் கம்பிகளே இல்லை. அங்கேயும் எண்ணிதான், துடிப்பு கொடுத்துக் கொடுத்து வேண்டிய பைட்டுக்கு நகர வேண்டும். உள்ளே இருப்பது ஈப்ராம் சில்லு. அதில் 1 என்ற பிட்டை 0 ஆக்கலாம், 0வை மறுபடி 1 ஆக்கப் புற ஊதா ஒளி வேண்டும். அதனால் ஒரு பதிவை நீக்கினால், அதன் வகையைச் சொல்லும் பைட்டில் மேல் பிட்டை மட்டும் 0 ஆக்குவார்கள். ஹெக்ஸில் 90 என்று இருப்பது 10 ஆகிவிடும். எழுத்துகள் அப்படியே உள்ளே கிடக்கும். இந்தக் கருவியோடு வந்த பேக்கில் பழைய உரிமையாளர் நீக்கிய பதிவுகள் இருப்பது முதல் சில பைட்டுகளிலேயே தெரிந்தது. அவற்றைப் படிப்பது முறையில்லை என்று பட்டது. புற ஊதா விளக்கில் வைத்து முழுவதும் அழித்துவிட்டேன். பழைய பேக் உங்கள் கைக்கு வந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

33 நிமிடம் 40. கேமராவைக் கொஞ்சம் நெருக்கமாகக் கொண்டுபோகிறேன். திரையைப் பாருங்கள், இப்போதும் வெறுமையாகத்தான் இருக்கிறது. விழித்தாலும் அதில் எதையும் காட்டாது, கோட்டை மட்டும் கவனியுங்கள்.

34 நிமிடம்... 5, 6, 7...

அதோ! பார்த்தீர்களா? ஒரு சின்னத் துள்ளல், உடனே பழையபடி தட்டை. விழித்தது, நேரத்தைக் கூட்டியது, படுத்துவிட்டது. இப்போது ஆன் செய்து நேரத்தைக் காட்டலாம்தான். ஆனால் ஆன் செய்தால் எண்ணி மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். அடுத்தது 1 மணி 8 நிமிடம் 16 நொடியில் வர வேண்டும். ஸ்டாப்வாட்சை நிறுத்தவில்லை, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.