ஒரு கட்டையில் நின்ற பாட்டு

அவையோருக்கு வணக்கம்.

கேசட் டேப் வெளியே வந்து தொங்கினால் பென்சிலை விட்டுச் சுற்றியவர்கள் எத்தனை பேர், கை தூக்குங்கள். பரவாயில்லையே, பாதி அரங்கு தூக்கிவிட்டது. தூக்காதவர்கள் வீட்டில் அப்பாவைக் கேளுங்கள். இன்று நான் பேச வந்த பாட்டும் பென்சிலில் சுற்றிய பாட்டுதான்.

இங்கிலாந்து இசைக்குழு பீட்டில்ஸின் 'டுமாரோ நெவர் நோஸ்'. 1966 ஏப்ரல் 6, லண்டன் ஆபி ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டூடியோ. 'ரிவால்வர்' இசைத்தட்டுக்காக அவர்கள் தொட்ட முதல் பாட்டு இது. தட்டில் வந்ததோ கடைசியில். பாட்டு குழுவின் பாடகர் ஜான் லெனனுடையது. திபெத்தில் இறந்தவர்களுக்காக ஓதும் நூலை ஒட்டி அமெரிக்க உளவியலாளர் டிமோதி லியரியும் நண்பர்களும் எழுதிய புத்தகம் ஒன்றைப் படித்த வேகத்தில் எழுதினார். தலைப்பு மட்டும் டிரம்மர் ரிங்கோ பேச்சுவாக்கில் உளறியது. 'நாளைக்கு என்னன்னு நாளைக்கே தெரியாது' என்பது மாதிரி. பாட்டின் வரிகளில் அந்தச் சொற்கள் எங்குமே வராது.

பாட்டு தம்புராவில் தொடங்குகிறது. நம் கணக்கில் ஒரு கட்டை சுருதி. அவர்கள் ஊர்ப் பாட்டு என்றால் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நாலு வரிக்குள் மூன்று கார்டாவது வந்துவிடும். இதில் கீழே ஆதார சுரமான சட்ஜம் அசையவே இல்லை. மேலே மட்டும் அவ்வப்போது 'நி'யின் ஒரு வகையான கைசிகி நிஷாதம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஏறக்குறைய மூன்று நிமிடம் அப்படியே. 'நம்ம தம்புராவை எடுத்துக்கொண்டார்கள்' என்று உடனே மார் தட்டிவிடாதீர்கள். நம் கச்சேரிகளில் தம்புராக்காரரை யார் நிமிர்ந்து பார்க்கிறோம்? இப்போது அந்த இடத்தில் ஒரு பெட்டியை வைத்து பட்டனைத் தட்டிவிடுகிறோம். குழுவின் கிடார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் அப்போது சிதார் மேதை ரவிசங்கரை நேரில் சந்தித்திருக்கக்கூட இல்லை. இசைத்தட்டுகளைக் கேட்டே அந்த நிலைத்த ஒலியின் ருசி அவருக்குப் பிடிபட்டிருக்கிறது.

அன்று ஒலிப்பதிவு மேஜையில் உட்கார்ந்தவர் ஜெஃப் எமெரிக். வயது இருபது. அவரிடம் லெனன் கேட்டது: தலாய் லாமா மலை உச்சியில் நின்று ஓதுவது போல என் குரல் கேட்க வேண்டும். இருபது வயதுப் பையன் என்ன செய்வான்? ஹாமண்ட் ஆர்கனோடு வரும் லெஸ்லி ஸ்பீக்கர் பெட்டி அங்கே இருந்தது. ஒலி வருகிற வாய் அதனுள்ளே சுழலும். குரலை அதன் வழியே விட்டார்கள். சின்ன வயதில் டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்து 'ஆஆஆ' என்று கத்தியிருப்போமே, அதே சங்கதிதான். பாட்டின் பிற்பாதியில் வரும் குரல் அது. லெனனுக்கு ஒரே குஷி. என்னைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு மைக்கைச் சுற்றி ஆட்டினால் இன்னும் நன்றாக இருக்குமே என்றாராம். அதை யாரும் செய்யவில்லை.

டிரம்ஸுக்கும் ஒரு வேலை செய்தார் எமெரிக். பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். நாலு கழுத்து வைத்துப் பின்னிய ஸ்வெட்டர் அது. எங்கோ மூலையில் கிடந்திருக்கிறது. மைக்கை ஸ்டூடியோவின் விதி அனுமதித்ததைவிடக் கிட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். அந்த அடி நெஞ்சில் விழுகிறது.

மறுநாள்தான் பென்சில் வந்தது. குழுவின் இன்னொரு பாடகர் பால் மெக்கார்ட்னி தன் வீட்டு டேப் ரிக்கார்டரில் சின்னச் சின்ன ஒலிகளைப் பதிந்து, டேப்பை வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்கிக் கொண்டுவந்தார். ஓடவிட்டால் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும். சிரிப்பொலி ஒன்றை வேகம் கூட்டினால் கடற்பறவை கத்துவது போல இருந்தது. ஒன்றில் வேகம் கூட்டிய சிதார். ஒன்றில் ஆர்கெஸ்ட்ராவின் ஒற்றைக் கார்டு. இப்படி ஐந்து வளையங்கள். ஒரு மெஷினில் ஒன்றுதான் ஓடும். ஆகவே கட்டடத்தில் வேறு வேறு அறைகளில் இருந்த மெஷின்களையெல்லாம் இணைத்தார்கள். வளையம் தளர்ந்தால் ஒலி இழுபடும் என்று, வெள்ளைக் கோட்டு போட்ட ஊழியர்கள் அதை பென்சிலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இந்தப் பக்கம் மேஜையில் ஆளுக்கொரு பக்கம் கைவைத்து, தோன்றிய இடத்தில் ஒலியை ஏற்றி இறக்கினார்கள். அதே கலவை இன்னொரு தடவை வராது என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே சொல்லியிருக்கிறார்.

இங்கேதான் எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதுவரை பெரும்பாலும் மேடையில் பாடக்கூடியதைத்தான் ஸ்டூடியோவில் பதிந்தார்கள். இது மேடைக்கே வர முடியாத பாட்டு. இசைத்தட்டு 1966 ஆகஸ்ட் 5இல் வெளியானது. அந்த மாதமே அமெரிக்காவில் சுற்றுப்பயணம். புதிய தட்டிலிருந்து ஒரு பாட்டைக்கூட அவர்கள் மேடையில் பாடவில்லை. 29ஆம் தேதி சான்ஃபிரான்சிஸ்கோ கச்சேரியோடு சுற்றுப்பயணமே நின்றது. முப்பது ஆண்டு கழித்து, 1996இல், கெமிக்கல் பிரதர்ஸ் என்ற மின்னணு இசை இரட்டையர் இந்தப் பாட்டின் சாயலில் ஒன்றைப் போட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தார்கள். இன்று பையன்கள் லேப்டாப்பில் 'லூப்' என்று இழுத்துப் போடுகிறார்களே, அதற்கு அன்று ஐந்து மெஷினும் அத்தனை கையும் வேண்டியிருந்தது.

பேச்சு போதும். பாட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் தம்புரா. ஏழாவது விநாடி வாக்கில் அந்தப் பறவை வரும். தம்பி, அந்த ஃபேனை மட்டும் கொஞ்சம் நிறுத்துப்பா.