கூப்பிடுபவர் ஒருவர், கூலி கொடுப்பவர் ஒருவர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கு நிறைய அமர்ந்திருக்கும் கால்பந்து அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"தேசிய அணியின் அழைப்பு கால்பந்து கிளப்புக்கும் வீரருக்கும் பெரிதும் தருவது ஏற்றமா, இழப்பா?" என்பது தலைப்பு. இழப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா, நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு தேசிய கீதத்துக்கு நிற்கும் அந்தக் கணத்தை வர்ணித்தார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அந்தக் கீதம் முடிந்த கொஞ்ச நேரத்தில் நடந்ததை நான் சொல்கிறேன்.

2006 ஜூன் 20. ஜெர்மனியின் கொலோன் நகரம். உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் ஸ்வீடனும் மோதுகின்றன. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இங்கிலாந்து வீரர் மைக்கேல் ஓவன் பந்தைச் சக வீரருக்குத் தட்டிவிடுகிறார். யாரும் இடிக்கவில்லை, யாரும் காலை வாரவில்லை. வலது முழங்கால் தானாக மடங்குகிறது. விழுந்தவரால் எழுந்து நிற்க முடியவில்லை. கைகளை ஊன்றித் தவழ்ந்தபடியே எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே வருகிறார். முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. முந்தைய ஆண்டுதான் அவரை ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியிருந்தது நியூகாசில் யுனைடெட். அவர் மறுபடி அந்தக் கிளப்புக்காகக் களமிறங்கியது 2007 ஏப்ரலில்.

நடுவர் அவர்களே, இந்த ஒரு காட்சியில் மூன்று பேர் இருக்கிறார்கள். கூப்பிடுபவர் ஒருவர், கூலி கொடுப்பவர் ஒருவர், அடிபடுபவர் ஒருவர். கூப்பிடுபவருக்குச் செலவு குறைவு. கூலி கொடுப்பவருக்கு மறுக்கும் உரிமை இல்லை. அடிபடுபவருக்கோ வாயே இல்லை. இழப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார், "கிளப் சம்மதித்துத்தானே அனுப்புகிறது?" என்று கேட்டார். அம்மா, சம்மதம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. உலகக் கால்பந்தை நடத்தும் அமைப்பான ஃபிஃபாவின் விதியைப் பாருங்கள். தேசிய அணி ஆட்டங்களுக்கென்று அதன் நாள்காட்டியில் குறித்த காலத்துக்கு 15 நாள் முன்னதாக எழுத்தில் அழைப்பு வந்தால், கிளப் விட்டே ஆக வேண்டும். அந்த நாட்களுக்கும் சம்பளம் கொடுப்பது கிளப். நோய்க்கும் விபத்துக்கும் காப்பீடு எடுத்து வைக்க வேண்டியதும் கிளப்தான். விடுவித்ததற்காக நஷ்டஈடு கேட்க உரிமை கிடையாது என்று அதே விதி சொல்கிறது. வீரர் தன் பங்குக்கு, "உடம்பு ஒத்துழைக்கவில்லை, இந்த முறை வரவில்லை" என்று சொன்னால், அந்த நாட்களில் கிளப்புக்கும் அவர் ஆடக் கூடாது. அதற்கு மேலும் 5 நாள் தடை நீளலாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுவதற்கு ஒரு சட்டப் புத்தகம் போட்டால் இப்படித்தான் இருக்கும்.

இதை எதிர்த்து முதலில் நீதிமன்றம் போனது பெரிய கிளப் அல்ல. பெல்ஜியத்தில் ஷார்லெருவா என்றொரு நடுத்தரக் கிளப். அதன் வீரர் அப்தெல்மஜித் உல்மெர்ஸ் 2004 நவம்பரில் மொராக்கோ அணிக்காக புர்கினா ஃபாசோவுடன் ஒரு நட்பு ஆட்டம் ஆடப் போனார். கோப்பையும் இல்லை, புள்ளியும் இல்லை. அடிபட்டுத் திரும்பியவர் ஏறத்தாழ 8 மாதம் ஆடவில்லை. 8 மாதம் என்பது கிட்டத்தட்ட ஒரு முழு சீசன். ஷார்லெருவா வழக்குப் போட்டது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளின் கூட்டமைப்பான ஜி-14 தோள் கொடுத்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போன பிறகு, 2008 ஜனவரியில் ஃபிஃபாவும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பும் கிளப்புகளோடு சமரசம் பேசினார்கள். உலகக் கோப்பைக்கும் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பைக்கும் வீரரை அனுப்பும் கிளப்புகளுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டார்கள். எதிரணிக்கு என் கேள்வி இது: இழப்பே இல்லை என்றால் எதற்காகப் பணம் தர ஒப்புக்கொண்டார்கள்?

"அதுதான் பணம் வருகிறதே, பிறகென்ன?" என்று அடுத்து கேட்பீர்கள். எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம். 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு வீரர்களை அனுப்பிய 440 கிளப்புகளுக்கு ஃபிஃபா பிரித்துக் கொடுத்தது மொத்தம் 20 கோடியே 90 லட்சம் டாலர். அந்த உலகக் கோப்பையோடு முடிந்த 4 ஆண்டுகளில் ஃபிஃபாவின் வருமானம் 750 கோடி டாலருக்கு மேல். நூற்றுக்கு மூன்று ரூபாய்கூடத் தேறவில்லை. வீரரை எடுத்து வளர்த்தவருக்கு, மருத்துவம் பார்த்தவருக்கு, மாதாமாதம் சம்பளம் கொடுத்தவருக்கு இதுதான் பங்கு. 2026 உலகக் கோப்பைக்கு இதை 35 கோடியே 50 லட்சம் டாலராக உயர்த்தி, தகுதிச்சுற்றுக்கு வீரரை விடும் கிளப்புகளையும் சேர்த்திருக்கிறார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் இத்தனை ஆண்டுகளாகத் தகுதிச்சுற்றுக்கு வீரரைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற கிளப்புகளின் கணக்கை யார் தீர்ப்பது?

காயத்துக்குத் தனியாக ஒரு காப்புத் திட்டம் 2012-ல் வந்தது. அதில் ஒரு எண் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது: 28. தேசிய அணிக்கு ஆடி அடிபட்ட வீரர் 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால்தான் பணம். அதுவும் அவருடைய சம்பளத்தை ஈடுகட்ட, நாளுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்போடு. சரி, பின்தொடைத் தசை கிழிந்து மூன்று வாரம் படுத்தால்? ஒரு காசு கிடையாது. மூன்று வாரத்தில் ஒரு கிளப்புக்கு ஐந்து ஆறு ஆட்டம் போய்விடும். ஐந்து ஆட்டத்தில் லீக் பட்டம் கைநழுவலாம். கீழ்வரிசைக் கிளப் என்றால் கீழ்ப் பிரிவுக்கே இறங்கலாம். மூன்று வாரம் வலியோடு படுத்த வீரருக்கும் அது அவருடைய உடம்பு, அவருடைய சீசன். அந்தக் காயம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

பெரிய காயத்தை விடுங்கள். காயமே படாமல் திரும்புகிறவரைப் பாருங்கள். தென் அமெரிக்கத் தகுதிச்சுற்றில் 10 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் 18 ஆட்டம். ஐரோப்பாவில் ஆடுகிற ஒரு வீரர் அட்லாண்டிக்கைக் கடந்து போகிறார். பொலிவியாவின் லா பாஸில் கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்க வாங்க ஓடுகிறார். மறுபடி அதே கடலைத் தாண்டி வந்து இறங்கும்போது வாரக் கடைசி. அடுத்த நாள் லீக் ஆட்டம். பயிற்சித் திடலில் மற்றவர்கள் எதிரணியின் கார்னரை எப்படித் தடுப்பது என்று ஒத்திகை பார்க்கிறார்கள். இவர் ஓரமாகத் தனியே மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறார், நேரம் புரியாத கண்களோடு. பயிற்சியாளர் அவரை ஆட வைத்தால் தசை கிழியுமோ என்ற பயம். உட்கார வைத்தால் இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொள்வார். 2026 முதல் செப்டம்பர், அக்டோபர் அழைப்புகளை ஒன்றாக்கி ஒரே பயணத்தில் நான்கு ஆட்டம் என்று ஃபிஃபா மாற்றியிருக்கிறது. அந்தப் பயணம் உடம்பைத் தின்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படி ஒப்புக்கொள்வது?

இப்போது பேட்ரி. 2020-21 சீசனில் அந்தப் பையனுக்கு வயது 18. பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்கும் சேர்த்து 73 ஆட்டம் ஆடினான். ஜூலை 6-ல் யூரோ அரையிறுதி. பதினாறாவது நாள், ஜூலை 22-ல், ஒலிம்பிக்கின் முதல் ஆட்டம். ஆகஸ்ட் 7-ல் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். ஆகஸ்ட் 15-ல் பார்சிலோனாவுக்கு அடுத்த சீசனின் லீக் தொடங்கிவிட்டது. ஒலிம்பிக் ஃபிஃபாவின் கட்டாயப் பட்டியலில் இல்லை, உண்மைதான். ஆனால் ஸ்பெயின் நாட்டு விளையாட்டுச் சட்டம் தேசிய அழைப்பை ஏற்கச் சொல்கிறது. பார்சிலோனாவின் அப்போதைய பயிற்சியாளர் கூமன், இது அதிகம் என்று வெளிப்படையாகவே சொன்னார். கேட்பார் இல்லை. அடுத்த சீசனில் தசைக் காயங்கள் மாறி மாறி வந்து, பேட்ரி பார்சிலோனாவுக்கு ஆடியது வெறும் 22 ஆட்டம்.

பேட்ரியின் பார்சிலோனாத் தோழன் காவிக்கு நடந்தது இன்னும் நெஞ்சைப் பிசைகிறது. 2023 நவம்பர் 19, ஸ்பெயின் - ஜார்ஜியா தகுதிச்சுற்று ஆட்டம். ஸ்பெயின் ஏற்கெனவே யூரோ கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது. ஆனாலும் 19 வயது காவி களத்தில் இருந்தான். முதல் பாதியில் வலது முழங்கால் திருகிக்கொண்டது. அழுதுகொண்டே வெளியேறினான். ஜவ்வு கிழிந்து 11 மாதம் போயிற்று. அடுத்த கோடையில் ஸ்பெயின் யூரோ கோப்பையை வென்றபோது அவனால் ஆட முடியவில்லை. எதிரணித் தலைவர் ஐயா, நீங்கள் வர்ணித்தீர்களே, அந்த மகுடத் தருணம், அதையும் அந்த அழைப்பே அவனிடமிருந்து பறித்தது.

எதிரணியின் இளம் பேச்சாளர் லிவர்பூலைக் காட்டினார். 2022 ஜனவரியில் சலாவும் மானேவும் ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போனபோது லிவர்பூல் தளரவில்லை, மற்றவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது என்றார். உண்மை. ஆர்சனலுடன் நடந்த லீக் கோப்பை அரையிறுதியில், இன்று நம்மிடையே இல்லாத டியோகோ ஜோட்டா இரண்டு கோல் அடித்து அணியை இறுதிக்குக் கொண்டுபோனார். தம்பி, அது ஜோட்டாவையும் ஃபிர்மினோவையும் கையில் வைத்திருந்த லிவர்பூல். அந்த மாதக் கடைசியிலேயே லூயிஸ் டியாஸை வாங்கிச் சேர்க்கவும் அதனிடம் பணம் இருந்தது. ஒரே ஒரு முன்கள வீரரை நம்பிக் காலம் தள்ளும் கிளப்பின் ஜனவரியை நினைத்துப் பாருங்கள். ஆனைக்குக் கொசு கடித்த கதையை வைத்து ஆட்டுக்குட்டிக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. 2022 ஆகஸ்டில் நாப்போலி கிளப்பின் தலைவர் தெ லாரென்டிஸ் வெளிப்படையாகச் சொன்னார்: ஆப்பிரிக்கக் கோப்பையில் ஆட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய இனி ஆப்பிரிக்க வீரர்களை வாங்க மாட்டேன் என்று. அநியாயமான பேச்சு. நான் கிளப்புகளின் பக்கம் பேசுகிறவன்தான், அந்தப் பேச்சை ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் பாருங்கள் நடுவர் அவர்களே, சீசனின் நடுவில் போட்டியை வைப்பவர் ஒருவர், அதற்காக முகம் சுளிப்பவர் இன்னொருவர். வேலை போவது யாருக்கு? நல்ல ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கும் ஒரு செனகல் பையனுக்கு, ஒரு நைஜீரியப் பையனுக்கு. தாய்நாட்டுக்கு ஆடும் ஆசையே அவனுடைய விலையைக் குறைக்கிறது.

தேசிய அணிக்கு ஆடினால் வீரரின் மதிப்பு ஏறும் என்றும் சொன்னீர்கள். 2022 உலகக் கோப்பையில் மின்னிய அர்ஜென்டினா வீரர் என்சோ ஃபெர்னாண்டஸை அடுத்த மாதமே செல்சி 10 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. ஏறியது, மறுக்கவில்லை. அந்தப் போட்டிக்குப் போனவர்கள் 800-க்கும் மேல். எத்தனை என்சோ?

கிளப்புகளும் ஆட்டங்களைக் கூட்டுகின்றனவே என்பீர்கள். ஆம், கூட்டுகின்றன, தவறுதான். ஆனால் அங்கே சம்பளம் கொடுப்பவரும் ஆட வைப்பவரும் ஒருவரே. வீரர் கேள்வி கேட்க ஒரு முகமாவது உண்டு.

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. ஒன்றே ஒன்று.

எதிரணித் தலைவர் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கைச் சொன்னார். மெஸ்ஸி அர்ஜென்டினாவுக்கு ஆடித் தங்கம் வென்றார், பார்சிலோனாவுக்கு என்ன குறைந்துவிட்டது என்று கேட்டார். ஐயா, அந்தக் கதையை முழுவதும் சொல்லியிருக்கலாம். ஒலிம்பிக்குக்கு வீரரை விட வேண்டிய கட்டாயம் இல்லை என்று பார்சிலோனாவும் ஷால்கேயும் வெர்டர் பிரெமனும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போயின. ஆகஸ்ட் 6-ல் தீர்ப்பு கிளப்புகளின் பக்கம் வந்தது. மெஸ்ஸியைத் திரும்ப அழைக்கும் உரிமை பார்சிலோனாவின் கையில் இருந்தது. அப்போதுதான் பார்சிலோனாவின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றிருந்த குவார்டியோலா என்ன செய்தார்? 1992 ஒலிம்பிக்கில் ஸ்பெயினுக்காக ஆடித் தங்கம் வாங்கியவர் அவர். அந்தப் பையனின் மனத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "இருந்து ஆடிவிட்டு வா" என்று விட்டார். அர்ஜென்டினா தங்கம் வென்றது. மெஸ்ஸி கிளப்புக்கு நிறைந்த மனதோடு திரும்பினார். அந்த சீசனில் பார்சிலோனா லீக், ஸ்பெயின் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது.

மறுக்கும் உரிமை கையில் இருந்தபோது கிளப் மனதாரக் கொடுத்தது. வீரர் கேட்டார், கிளப் சரி என்றது. எங்கள் அணி கேட்பது அந்த ஒரு பேச்சுக்கு இடம். 15 நாள் முன்னதாக வந்து இறங்கும் அந்தக் கடிதத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. நியூகாசில் யுனைடெட்டிடம் யாரும் கேட்கவில்லை. ஷார்லெருவாவிடம் கேட்கவில்லை. காவியின் முழங்காலிடமும் கேட்கவில்லை.

தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.