சொல்லாத வலி

நேயர்களுக்கு வணக்கம். குணமாகாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்ட நோயோடு, வீட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் கணவன் மனைவியை மனத்தில் வைத்துப் பேசுகிறேன். நோயைக் குணப்படுத்த முடியாவிட்டாலும் வலியையும் தொல்லைகளையும் தணிக்கிற நோய்த்தணிப்புச் சிகிச்சை, பேலியேட்டிவ் கேர் என்கிறோமே, அதைப் பற்றி.

மருத்துவரின் அறை வாசலில் கணவர் மெல்லக் கேட்பார்: "அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டா." உள்ளே மனைவி நர்ஸிடம் அதையேதான் கேட்டிருப்பார்: "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம்." இருவருக்குமே விஷயம் தெரியும். இருவருமே நடிக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் இந்த மறைப்பு நோயோடு நிற்பதில்லை. வலியையும் சேர்த்து மறைக்க வைத்துவிடுகிறது. "எப்படிம்மா இருக்கு?" என்றால் "பரவாயில்லைங்க" என்று பதில் வரும். பரவாயில்லை என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் மருந்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது.

ஆகவே முதலில் ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு விஷயம் எழுதினால் போதும். மணி என்ன, வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை, என்ன மருந்து எவ்வளவு கொடுத்தோம், ஒரு மணி நேரம் கழித்து வலி எத்தனை. எண்ணைச் சொல்ல வேண்டியவர் நோயாளி. எழுத வேண்டியவர் துணைவர். முகத்தைப் பார்த்துத் தானாக ஓர் எண்ணைப் போடக் கூடாது.

மார்பினுக்கு வருகிறேன். இந்தப் பெயரைக் கேட்டாலே வீடு கலங்கிப்போகிறது. முடிவு நெருங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் அல்ல அது. கடும் வலிக்கான மருந்து, அவ்வளவுதான். மாதக்கணக்கில் எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் வலியுறுத்திய விஷயம் இது: வலி வந்து துடித்த பிறகு கொடுக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதனால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு வேளை. வலி இல்லையே, இந்த வேளையை விட்டுவிடலாமே என்று தோன்றும். வலி இல்லாமல் இருப்பதே போன வேளை மருந்தினால்தான். விட்டுவிட்டால் வலி எகிறும். எகிறிய வலியை அடக்குவது கடினம்.

இடையில் திடீரென்று வலி வந்தால் கூடுதல் வேளை ஒன்றை மருத்துவர் எழுதித் தருவார். வழக்கமாக அது ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். 5 மில்லிகிராம் ஆறு வேளை என்றால் மொத்தம் 30. கூடுதல் வேளை 5 வரை. ஒரே நாளில் மூன்று தடவை அது தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள். நோட்டைக் காட்டினால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார். நீங்களாகவே அளவைக் கூட்டாதீர்கள்.

முதல் சில நாள் தூக்கம் அமுக்கும், குமட்டும், பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தணியாது, மருந்து உள்ளவரை இருக்கும். அதனால் மார்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் கேளுங்கள். மூன்று நாள் மலம் போகாமல், வயிறு உப்பி, சாப்பிட முடியாமல் படுத்திருப்பவரைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று அழுகிறார்கள். பல சமயம் காரணம் குடலில் தேங்கிய மலம்தான். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. மொத்த மருந்தும் ஒரேயடியாக உடலில் இறங்கி ஆபத்தாகும். கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ, பேச்சு குழம்பினாலோ, எழுப்பியும் விழிக்காமல் தூங்கினாலோ, மூச்சு மிக மெதுவானாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மருந்து உடலில் தேங்கும், அதனால் இவை எளிதில் வரலாம்.

பேச்சைத் தொடங்குவது எப்படி என்று கேட்கிறார்கள். "உனக்கு இப்ப எது அதிகமா கவலையா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். உடனே ஆறுதல் சொல்லாதீர்கள். வருவது பெரும்பாலும் சாவைப் பற்றிய பேச்சாக இருக்காது. மூச்சுத் திணறுமா, உனக்குப் பாரமாகிவிடுவேனா, கடன் யார் கட்டுவது, இப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது செய்ய வழி உண்டு. மூச்சுத் திணறலுக்குச் சின்னக் கைவிசிறியும் உதவும், காற்று முகத்தில் படும்படி வீசினாலே சற்று இளைப்பாறுவார்கள்.

நேரம் நெருங்குகிறது என்று சைகை காட்டுகிறார்கள், மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படுக்கையில் தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டுங்கள். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். வாயை அடிக்கடி நனையுங்கள். கடைசி நாட்களில் பசி போய்விடும். வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். தொண்டையில் கறகறவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கேட்பவர்களைத்தான் அது அதிகம் பதறவைக்கும். துணைவரே, வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவரை விழித்திருக்கச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். இரவில் யாரைக் கூப்பிடுவது என்று இன்றே கேட்டு, அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வணக்கம்.