நிலத்தைப் பார்த்த பெரியப்பா

வணக்கம் நேயர்களே.

கொக்குவிலில் எங்கள் பெரியப்பாவிடம் இங்கிலாந்தில் செய்த பழைய மோட்டார்சைக்கிள் ஒன்று நின்றது. கொம்பனிப் பெயர் வேண்டாம். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு அதே வருத்தம்தான். எஞ்சினுக்குக் கீழே எந்நேரமும் ஒரு பால்மா ரின் இருக்கும், சொட்டுகிற ஒயிலைப் பிடிக்க. "சொட்டினால் உள்ளுக்க ஒயில் இருக்கெண்டு அர்த்தம், பயப்பிடாத" என்பார்.

ஏன் சொட்டியது? அந்த எஞ்சின்களின் பெட்டி நெடுக்காக இரண்டாய்ப் பிரியும். ஒயில் தேங்கும் அடிப்பக்கத்தையும் ஊடறுத்துக்கொண்டு பொருத்து போகும். யப்பான்காரர் பெட்டியைக் கிடையாகப் பிரித்தார்கள். பொருத்து ஒயிலுக்கு மேலே வந்தது. 1969இல் ஹொண்டாவின் சி.பி. 750 வந்தபோது நாலு சிலிண்டர், முன்சில்லுக்கு டிஸ்க் பிறேக், பொத்தானை அமத்தினால் ஸ்ராட்.

இங்கிலாந்தின் ட்ரயம்ப் அதோடு தள்ளாடியது. 1902இலிருந்து மோட்டார்சைக்கிள் செய்த கொம்பனி. 1940இல் கொவென்றியில் குண்டு விழுந்து தொழிற்சாலை அழிந்தபோதுகூட மெரிடனில் புதிதாகக் கட்டி எழும்பியது. 1973இல் மெரிடனைப் பூட்டப்போகிறார்கள் என்றதும் தொழிலாளர்கள் வாசலை மறித்துக் குந்தினார்கள். 1975இல் அரசாங்கக் கடனோடு தாங்களே கூட்டுறவாக நடத்தினார்கள். எங்கள் ஊரில் சங்கக்கடை தெரியாதவர் யார்? ஆனால் பழைய சாமானையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. 1983இல் முறிந்தது.

பெயரையும் உரிமையையும் வாங்கியவர் ஜோன் புளோர். சாந்து பூசும் வேலையில் தொடங்கி, வீடு கட்டி விற்றுப் பணக்காரரானவர். பெயர் சாகாமலிருக்க, வேறொரு சின்ன நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்து ட்ரயம்பின் பழைய மாடலான பொனவிலைக் கொஞ்சம் செய்வித்தார். மற்றப்படி வாயே திறக்கவில்லை. ஹிங்க்லியில் தொழிற்சாலை கட்டி, 1990இல்தான் புதுச் சைக்கிள்களைக் காட்டினார். தண்ணீரில் குளிரும் மூன்று, நாலு சிலிண்டர் எஞ்சின்கள். சனம் ஆசைப்பட்ட பொனவில் அதில் இல்லை! அது 2001 மாடலாகத்தான் வந்தது. ஒயில் ஒழுகும் என்ற கதை ஊர்வாயிலிருந்து போகட்டும், பிறகு பழைய பெயரை எடுப்போம் என்று பொறுத்திருந்தார் என்றே நான் நினைக்கிறேன்.

அதே தொண்ணூறுகளில் நாங்கள் இங்கே வேறு விதமாகப் பொறுத்திருந்தோம். போர்க்காலத் தடையால் பெற்றோல் இல்லை. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். பழைய எஞ்சினுக்கு அமுக்கம் குறைவு, அதைத் தாங்கிக்கொண்டது. பின்னால் வருபவருக்குத்தான் கண் எரியும். புளோர் பெயரை வைத்துக்கொண்டு எஞ்சினை மாற்றினார். பெரியப்பா எஞ்சினைக் காப்பாற்ற, ராங்கில் இருந்த பெயரோ துருவோடு போய்விட்டது.

போன மாதம் லண்டனிலிருந்து வந்த மருமகன் தன் புதுப் பொனவிலின் படத்தைப் போனில் காட்டினான். பெரியப்பா கண்ணாடியைப் போட்டு, விரலால் படத்தைப் பெருப்பித்து, எஞ்சினுக்குக் கீழே நிலத்தைக் கனநேரம் பார்த்தார்.

"கழுவிப்போட்டோடா எடுத்தனி?" என்றார்.