நாலாவது பெயர்

நடுவர் அவர்களே, மழை இருட்டையும் பாராமல் நல்லூரடிக்கு வந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

கணினி மாணவருக்குத் தொழில் அறம் பதிவது விரிவுரையிலா, செயற்றிட்டத்திலா? செயற்றிட்டத்தில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் தெராக்-25 கதிர்ச்சிகிச்சை இயந்திரத்தைச் சொன்னார். 1985 முதல் 1987 வரை, மென்பொருள் பிழையால் ஆறு நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிர்வீச்சு. திரையில் 'மல்ஃபங்ஷன் 54' என்று வந்தும், அது என்ன பிழை என்று இயக்கியவருக்கு விளங்கவில்லை. "இதை வகுப்பில் கேட்டாலே போதுமே" என்றார். நானும் கேட்டேன் ஐயா, கண் கலங்கத்தான் கேட்டேன். கணினித் துறையினரின் சர்வதேசச் சங்கமான ஏ.சி.எம்.மின் நெறிக்கோவையில் தனியுரிமையை மதிக்கச் சொல்லும் 1.6 ஆம் பிரிவைப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன்.

அதே செமெஸ்டரில் நாங்கள் நாலு பேர் ஒரு ரியூட்டரிக்குப் பிள்ளைகளின் வருகையும் கட்டணமும் பதியும் மென்பொருள் எழுதப் போனோம். உரிமையாளர் கேட்டார்: "பிள்ளையள், காசு கட்டாதவையின்ர பேரைக் கேற்றடித் திரையில சிவப்பில போடேலுமே?" ஏலும் என்றோம். அரை மணித்தியால வேலை. பரிசோதிக்கவென்று பிள்ளைகளின் உண்மையான பெயர்ப்பட்டியலை வட்ஸ்அப்பில் எங்களுக்குள் அனுப்பியும் விட்டோம். 1.6 விடைத்தாளோடு போய்விட்டது!

திரையைப் போட்டோம். சிவப்பில் நாலாவது பெயர், எங்களில் ஒருவனின் தங்கச்சி. அவன் ஒன்றும் கதைக்கவில்லை. எழும்பிப் போய்ப் பிளக்கைக் கழற்றினான். அன்றிரவுதான், யாரும் சொல்லாமலே, எங்கள் இலங்கை நாட்டின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடி வாசித்தோம்.

"ஊரார் பிள்ளைகளை வைத்தா பழகுவது?" என்று எதிரணித் தங்கை கேட்டார். நல்ல கேள்வி, என்னையும் சுட்ட கேள்வி. பொய்ப் பெயர்களோடுதான் நாங்கள் தொடங்கியிருக்க வேண்டும். விரிவுரையாளரும் பக்கத்தில் நின்று, "இதால் ஆருக்கு நோகும்?" என்று இடைக்கிடை கேட்டிருக்க வேண்டும். அதற்காகச் செயற்றிட்டத்தையே விட்டுவிட்டுத் திரும்பவும் வாங்கில் போய் இருக்கச் சொன்னால் எப்படி?

உரிமையாளரிடம் "அதைச் செய்யமாட்டம்" என்று சொல்லப் போனது நான். தொண்டை வறண்டது. அவருக்குக் கோபம், இரண்டு கிழமை எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் நிலுவை விபரம் பெற்றோரின் தொலைபேசிக்கு மட்டும் போகும்படி மாற்றிக் கொடுத்தோம். 'ஏலும்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அந்த 'மாட்டம்' என்ற சொல்லை எந்த விரிவுரையில் பழக்குவீர்கள், எதிரணியினரே?